ஒரே ஒரு நடையா, ஆயிரம் நடைகளா?
சமவாய்ப்பு நடை, அதாவது நாணயம் சுண்டி அடி வைக்கும் நடை, அதற்கான நிரல் சரியா என்று எப்படிச் சோதிப்பது? தலை விழுந்தால் வலம், பூ விழுந்தால் இடம் என்று கணினியில் 10,000 அடி நடக்கவிட்டேன், தொடங்கிய இடத்திலிருந்து 140 அடி தள்ளிப் போய் நின்றது. இதற்காக நிரலில் பிழை தேட வேண்டாம், வழக்கமான விலகலே 10,000-இன் வர்க்கமூலம், அதாவது 100. ஒற்றை நடை இன்னொரு விதத்திலும் ஏமாற்றும்: 90 சதவீத நேரத்துக்கு மேல் ஒரே பக்கத்தில் கழிக்க ஏறக்குறைய 41 சதவீத வாய்ப்பு, எவ்வளவு நீட்டினாலும் அது குறையாது.

அதே நிரலை 1,000 முறை ஓட்டினால் கதை வேறு. முடிவிடங்களின் சராசரி பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும், அதில் எதிர்பார்க்கும் பிழை 100-ஐ 1,000-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் சுமார் 3தான். அந்தச் சராசரி 15 என்று வந்தால் நிச்சயம் சந்தேகப்படுங்கள். நான் இந்த வழியைத்தான் நம்புவேன். ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரே விதை எண்ணை (கணினி தன் சமவாய்ப்பு எண்களை உருவாக்கத் தொடங்கும் எண்) கொடுத்துவிட்டால், ஆயிரமும் ஒரே நடைதான்.