செங்கல்லும் ஒயிட்போர்டும்: நான்கு ஆண்டு இணைய வகுப்பில் கண்டது

பதினொன்று முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் படைப்பாற்றல் வகுப்பு எடுக்கிறேன். வாரம் ஒரு மணி நேரம்; நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வீடியோ அழைப்பு, எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதும் ஒயிட்போர்டு, கட்டளைக் கட்டங்களை அடுக்கி விளையாட்டுகள் உருவாக்கும் ஸ்க்ராட்ச் என்ற நிரல்மொழி. கருவிகள் இவ்வளவுதான்.

முதல் ஆண்டை வீணடித்தேன். "செங்கல்லை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?" என்று கேட்பேன்; படைப்பாற்றலை அளக்க உளவியலாளர் கில்ஃபோர்டு பயன்படுத்திய கேள்வி அது. 'கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்' என்று ஒருவன் ஒட்டுத்தாளில் எழுதுவான். அடுத்த நிமிடம் ஜன்னலுக்கு முட்டு, மேசைக்கு முட்டு, சைக்கிளுக்கு முட்டு. பலகை நிறைய வண்ணத் தாள்கள், யோசனை என்னவோ ஒன்றுதான். அதைப் பார்த்து நான் பூரித்துப்போனதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

கூடிப் பேசிய நால்வரைவிட, தனித்தனியே யோசித்த நால்வரின் பட்டியல்களைச் சேர்த்தால் யோசனைகள் அதிகம் என்று யேல் பல்கலைக்கழக ஆய்வு 1958லேயே காட்டியிருக்கிறது. இரண்டாம் ஆண்டிலிருந்து முதல் ஐந்து நிமிடம் மற்றவர் தாள்களை மறைத்துவிடுகிறேன். மைக்குகளும் அணைந்திருக்கும். அப்படி ஒருநாள் திரையை விலக்கியபோது, அதுவரை மைக்கைத் திறந்தே இராத சிறுமியின் தாள்: 'பனிக்கட்டி மேல் செங்கல்லை வை. அது தரையைத் தொட எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதுதான் என் கடிகாரம்.' அன்று வகுப்பு முழுக்க அந்தக் கடிகாரத்தைப் பற்றித்தான் பேசினோம். வெயில் நாளில் அது வேகமாக ஓடுமே என்று ஒருவன் மடக்கினான். அப்படியானால் அது வெப்பமானியும்தான் என்றாள்.

பலகையில் குறைகளும் உண்டு. கைபேசியில் அதைக் கையாள்வது பெரும்பாடு. விருப்பக் குறி போட்டு வாக்கெடுக்கும் வசதியைக் கைவிட்டுவிட்டேன், வேடிக்கையான தாளே எப்போதும் வெல்கிறது. நான் முதலில் பயன்படுத்திய சேவை மூடப்பட்டபோது பலகைகளைப் படமாக மட்டுமே காப்பாற்ற முடிந்தது. தாள்களை நகர்த்த முடியாத படம் செத்த பலகை.

ஸ்க்ராட்ச் வேறு வகை. எம்ஐடி மீடியா லேப் 2007இல் வெளியிட்டது, இலவசம். யாரோ பகிர்ந்த திட்டத்தைத் திறந்து கட்டங்களை மாற்றி 'ரீமிக்ஸ்' செய்யலாம், மூலத்தை உருவாக்கியவர் பெயர் தானாகவே வந்துவிடும். ஆனால் பிள்ளைகளுக்கு அது காப்பிதான். ஆப்பிளைக் கூடையில் பிடிக்கும் விளையாட்டு ஒன்றை ஒருவன் செய்திருந்தான். இன்னொருவன் அதை எடுத்து, கூடை நெருங்கினால் ஆப்பிள் விலகி ஓடும்படி மாற்றிவிட்டான். "சார், என்னுடையதைத் திருடிவிட்டான்" என்று பெரிய புகார். நான் தீர்ப்புச் சொல்லவில்லை, விளையாடிப் பார் என்றேன். பத்து நிமிடம் மௌனம். மறுவாரம் அவனே அந்த ரீமிக்ஸை ரீமிக்ஸ் செய்து கொண்டுவந்தான். இப்போது கூடைக்குப் பயந்து ஓடும் ஆப்பிளுக்குப் பின்னால் ஒரு புழுவும் ஓடுகிறது.