மெலமைன் என்று பேசி ஸ்பிரிட் பாலிஷ் பூசிய கதை: சாப்பாட்டு மேசையைப் புதுப்பிக்க இருப்போர் கவனத்திற்கு

எங்கள் வீட்டில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் புழங்கிவரும் தேக்கு மேசை, சூடான பாத்திரங்களை வைத்து வைத்து வளையம் வளையமாக வெளுத்துப் போயிருந்ததால், வீட்டுக்கே வந்து பாலிஷ் போட்டுத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் கடந்த ஐப்பசியில் அதை ஒப்படைத்தேன். மேசைக்கும் ஆறு நாற்காலிகளுக்கும் மெலமைன் பாலிஷ், மொத்தம் 14,000 ரூபாய் என்று பேச்சு. அதில் 8,000 ரூபாயை முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பழைய பூச்சை உரித்து, 120-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 180, 220, 320 என்று படிப்படியாகத் தேய்த்து, மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் அடித்துக் காயவிட்டு, மறுபடி தேய்த்து, அதன்மேல் மெலமைன் இரண்டு கோட்டிங் கொடுப்பதென்றால், நாற்காலிகளும் சேர்ந்து நான்கைந்து நாளாவது பிடிக்கும். அவரோ ஒரே தாளால், அதுவும் மர ரேகைக்குக் குறுக்கே, மேலோட்டமாகத் தேய்த்துவிட்டுப் பஞ்சு பொதிந்த துணியால் செந்நிறப் பாலிஷைப் பூசினார். பளபளப்பு கண்ணைப் பறித்தது, பாக்கியையும் கொடுத்துவிட்டேன்.

நான்காம் நாள் சானிட்டைசர் இரண்டு சொட்டு மேசையில் சிந்தியது. துடைக்கப் போன விரல் வெல்லப்பாகில் பட்டதுபோல ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தால் விரல் நுனியில் செம்பழுப்புச் சாயம், மேசையில் என் கைரேகை. அன்று மாலை இட்லிக் குண்டானை வைத்த இடத்திலும் வெள்ளை வளையம் விழுந்தது.

மெலமைன், ஹார்டனர் கலந்தபின் வேதிவினையால் இறுகும் பூச்சு. நன்றாக இறுகிவிட்டால் ஸ்பிரிட், அதாவது ஆல்கஹால், அதை இளக்குவதில்லை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்யும் பாலிஷோ ஆல்கஹால் பட்டால் மறுபடி இளகும், சூட்டுக்கும் தாங்காது. ஸ்பிரிட் பாலிஷ் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. பழைய அலமாரிகளுக்கு அது தரும் அழகே தனி. ஆனால் சூடும் ஈரமும் அன்றாடம் படும் மேசைக்கு, அதுவும் மெலமைன் விலைக்கு அதைப் பூசுவது மோசடி.

தொலைபேசியில் கேட்டதற்கு, “மழைக்காலம் சார், ஒரு மாசத்துல செட் ஆயிடும்” என்றார். ஈரக்காற்றில் பூசினால் பாலிஷ் வெளுப்பது உண்டு. ஆனால் அது காயும்போதே தெரிந்துவிடும், நான்கு நாள் கழித்து விரலில் ஒட்டிக்கொண்டு வராது. அடுத்த அழைப்பிலிருந்து அவர் எடுக்கவே இல்லை.

ஆகவே வேலை தொடங்கும்முன் டின்னை உங்கள் கண்ணெதிரே திறந்து ஹார்டனரைக் கலக்கச் சொல்லுங்கள். பாக்கியைக் கொடுப்பதற்கு முன், பூச்சு காய ஓரிரு நாள் விட்டு, கண்ணில் படாத ஒரு மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். பஞ்சில் சாயம் ஏறி இடம் பிசுபிசுத்தால் பணத்தை நிறுத்திவையுங்கள். முழுத் தேக்காக இல்லாமல் பிளைவுட்டின்மேல் வெனீர் ஒட்டிய மேசையென்றால் தேய்ப்பு இயந்திரத்தை ஓட்ட விடாதீர்கள். அந்த மர ஏடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, விளிம்பில் தேய்ந்து போனால் எந்தச் சாயத்தாலும் மறைக்க முடியாது.

குறுக்குக் கீறல்களை எடுக்க இப்போது நானே 120-ஆம் எண் தாளில் தொடங்கியிருக்கிறேன். மாடிப்படிக்குக் கீழே அவர் விட்டுச்சென்ற அட்டைப்பெட்டியை நேற்றுதான் திறந்தேன். ஹார்டனர் பாட்டில் மூடி உடைபடாமல் அப்படியே இருக்கிறது.