எந்த எரிபொருளுக்கு எந்தக் கட்டு தளரலாம்?

மாற்று எரிபொருள்களுக்கான கட்டுப்பாடுகளை மொத்தமாக எடுத்துவிடச் சொல்கிறவர்கள் உண்டு, ஒன்றைக்கூடத் தொடக் கூடாது என்கிறவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் எனக்கு ஒத்துவரவில்லை. யார் தயாரிக்கலாம், யார் விற்கலாம், எத்தனை படிவம் நிரப்ப வேண்டும் என்கிற விதிகளைத் தாராளமாகத் தளர்த்தலாம். டேங்குக்குள் போவது எப்படி இருக்க வேண்டும், சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் தாங்க வேண்டும் என்கிற விதிகளில் கை வைக்கக் கூடாது. இந்தக் கோடு எரிபொருளுக்கு எரிபொருள் இடம் மாறுகிறது.

பயோடீசலைப் பாருங்கள். பொரித்து மீந்த எண்ணெயோடு மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்தால் கிளிசரின் அடியில் தங்கும், மேலே பயோடீசல் நிற்கும். சின்ன அளவில் செய்கிறவரைப் பெரிய சுத்திகரிப்பு ஆலைபோல நடத்துவது அநியாயம். பிரிட்டன் 2007-ல் இதைப் புரிந்துகொண்டது: ஆண்டுக்கு 2,500 லிட்டருக்குள் தயாரிப்பவர் எரிபொருள் வரிக்காகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. மற்ற நாடுகளும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாம்.

ஆனால் தரம் வேறு விஷயம். 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலை விட்டுக் குலுக்குங்கள். தெளிவாகக் கரைந்தால் நல்லது. அடியில் மஞ்சளாக ஒரு சொட்டு தேங்கினால் அது பயோடீசலாக மாறாத எண்ணெய்; எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் முனையில் கரியாகப் படிவது அதுதான். தனியாக மீந்ததும் மாறாத எண்ணெயில் இருப்பதும் சேர்த்து மொத்த கிளிசரின் 0.24 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிற அமெரிக்கத் தர வரையறை வண்டிக்காரரின் பணத்தைக் காப்பாற்றுகிறது. விற்பனைக்கு வரும் எதற்கும் அது இருந்தே ஆக வேண்டும்.

எரிவாயுவில் சிக்கல், ஓடுகிற வண்டியை எரிவாயுவுக்கு மாற்றுவதில். ஒவ்வொரு மாடலுக்கும் ஆண்டுதோறும் சான்றிதழ் புதுப்பிக்க வைத்தால் சின்னப் பட்டறைகள் ஒதுங்கிவிடும். அமெரிக்கா 2011-ல் வண்டியின் வயதைப் பார்த்து, பழைய வண்டிகளுக்கான நடைமுறையை எளிதாக்கியது சரியான முடிவு. சி.என்.ஜி. சிலிண்டர் சோதனையை மட்டும் யாரும் தொட வேண்டாம், உள்ளே சுமார் 200 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தம் இருக்கிறது. எல்.பி.ஜி. கசிந்தால் காற்றைவிடக் கனமாகத் தரையிலேயே தேங்கும் என்பதால் நிலத்தடி வாகன நிறுத்தங்களுக்கான கட்டுப்பாட்டையும் விட முடியாது.

எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான். பிரேசிலில் 2003 முதல் பெட்ரோல்-எத்தனால் எந்தக் கலவையிலும் ஓடும் வண்டிகள் வந்ததால் வாங்குபவரே கணக்குப் போட்டு முடிவெடுக்கிறார். அப்படிப்பட்ட வண்டி இல்லாதவர்மீது கலவை அளவை உயர்த்தித் திணிப்பதைத் தளர்வு என்று சொல்ல மாட்டேன். பம்பில் எத்தனை சதவீதம் என்று பெரிதாக எழுதியிருக்க வேண்டும்.

மின்சாரத்தில் பெரிதாக வாதமில்லை. சார்ஜிங் நிலையத்துக்கு மின் விநியோக உரிமம் தேவையில்லை என்று இந்தியா 2018-ல் தெளிவுபடுத்தியது, ஒரு பெரிய தடை விலகியது.

ஹைட்ரஜன் கார்களின் தொட்டியில் அழுத்தம் 700 பார். 2019 ஜூனில் நார்வேயின் சாண்ட்விகா அருகே ஒரு நிரப்பு நிலையம் வெடித்தது. உயர் அழுத்தத் தொட்டியின் மூடியில் சில போல்ட்டுகள் சரியாக முறுக்கப்படவில்லை, அங்கிருந்து வாயு கசிந்தது. இந்த எரிபொருளுக்கு இடம் ஒதுக்கும் அனுமதியை வேகப்படுத்துங்கள், வரியைக் குறையுங்கள். போல்ட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் அந்த ஒரு தாளை மட்டும் விட்டுவைக்க வேண்டும்.