ரேடானை அளக்க எது ஏற்றது: கரிக் குப்பியா, ஃபிலிமா, டிஜிட்டல் கருவியா?

பெங்களூரில் அல்சூரிலோ முருகேஷ்பாளையத்திலோ தரைத்தள வீட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலர் ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். லால்பாக் குன்றில் வெளியே தெரியும் பழம்பாறை இந்நகரின் அடியிலும் பரந்து கிடக்கிறது. ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுடைய அத்தகைய பாறைகளில் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியத்திலிருந்து நிறமும் மணமும் இல்லாத ரேடான்-222 வாயு உண்டாகி, தரை விரிசல்கள் வழியாகவும் குழாய்கள் நுழையும் இடைவெளிகள் வழியாகவும் வீட்டுக்குள் வருகிறது.

மூச்சில் உள்ளே போகும் ரேடானில் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். கேடு விளைவிப்பவை, அது சிதைவதால் உண்டாகும் பொலோனியம்-218, பொலோனியம்-214 ஆகியவைதான். அவை தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் படிந்து, ஆல்ஃபா கதிர்களால் செல்களின் டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இல் ரேடானைப் புற்றுநோய்க் காரணியாக உறுதிசெய்தது. ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள ரேடானின் நீண்டகாலச் சராசரி 100 பெக்கெரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கூடும்போது நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 16 சதவீதம் கூடுகிறது. புகைபிடிப்பவருக்கு இந்த ஆபத்து பன்மடங்கு. இங்கே முக்கியமானது நீண்டகாலச் சராசரி என்பதே. அளக்கும் முறைகளை அதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

கரிக் குப்பியைத் திறந்து வைத்தால் கரித்தூள் ரேடானை ஈர்த்துக்கொள்ளும். இரண்டு முதல் ஏழு நாட்களில் மூடி ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம். செலவு குறைவு, முடிவும் விரைவில் கிடைக்கும். ஆனால் ரேடானின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 3.8 நாட்கள் மட்டுமே என்பதால் அனுப்புவதில் ஏற்படும் தாமதம் அளவீட்டின் துல்லியத்தைக் குறைக்கும். மழைக்கால ஈரத்தைக் கரி உறிஞ்சினாலும் கணக்கு பிசகக்கூடும். இதைவிடப் பெரிய குறை, குறுகியகாலச் சோதனைக்குக் கதவு சன்னல்களை மூடியே வைத்திருக்க வேண்டும் என்பது. பகலெல்லாம் சன்னலைத் திறந்துவைத்து, மாலையில் கொசுவுக்கும் டிசம்பர் குளிருக்கும் பயந்து அடைத்துக்கொள்ளும் பெங்களூர் வீட்டின் இயல்பை அந்தச் சில நாட்கள் காட்டுவதில்லை.

ஃபிலிம் முறையில் எல்.ஆர்.-115 அல்லது சி.ஆர்.-39 என்ற பிளாஸ்டிக் ஏடு ஒரு சிறு கூட்டுக்குள் வைக்கப்படுகிறது. ஆல்ஃபா துகள் பட்ட ஒவ்வோர் இடத்திலும் நுண்ணிய தழும்பு விழுகிறது. பின்னர் ஆய்வகத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து அத்தழும்புகளைப் பெரிதாக்கி எண்ணுகிறார்கள். மின்சாரமோ பராமரிப்போ தேவையில்லை. மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை வைக்கலாம் என்பதால் திறந்த பகலும் அடைத்த இரவும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும். பொறுமை தேவைப்படுவது உண்மைதான்; பல ஆண்டுகளில் சேரும் ஆபத்தை அறிவதற்கு அந்தக் காத்திருப்பு பெரிய விலையல்ல என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

டிஜிட்டல் கருவி மணிக்கு மணி எண்ணைக் காட்டும். விடியற்காலையில் ஏறிய எண்ணைக் கண்டு அஞ்சுவதற்கும், நண்பகலில் இறங்கியதும் நிம்மதி கொள்வதற்கும் அது இடம்கொடுக்கிறது. விரிசலை அடைத்த பிறகோ காற்றோட்டத்தைக் கூட்டிய பிறகோ மாற்றம் தெரிகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல துணை இல்லை.

எனவே, பல ஆண்டுகள் தங்கப்போகும் தரைத்தள வீட்டுக்கு ஃபிலிமையே நான் பரிந்துரைப்பேன். அவசரமாக முடிவெடுக்க வேண்டியவர் கரிக் குப்பியில் தொடங்கலாம். அளவு கூடுதலாகத் தெரிந்தால் ஃபிலிமால் உறுதிசெய்ய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் 100 பெக்கெரலை இலக்காகவும், அது இயலாத இடங்களில் 300-ஐ மேல் எல்லையாகவும் பரிந்துரைத்தது. எந்த முறையானாலும் கருவியைச் சமையலறையிலும் குளியலறையிலும் வைக்காமல், வீட்டார் உறங்கும் அறையில், சன்னலை விட்டு விலகி, தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டடிக்கு மேல் வைக்க வேண்டும்.