மே மாதத்தில் ‘மாபெரும் இடப்பெயர்ச்சி’யை விற்பவர்கள்: கென்யா செல்வோருக்கு ஓர் எச்சரிக்கை

கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு கென்யா செல்லத் திட்டமிடுவோர், ‘ஏப்ரல், மே சிறப்புச் சலுகை: மசாய் மாரா இடப்பெயர்ச்சி சஃபாரி’ என்று வரும் விளம்பரத்தை நம்பி முன்பணம் செலுத்த வேண்டாம். அந்தப் பெயரில் விற்கப்பட்ட பயணத்தில் எங்கள் குடும்பமும் உடன் வந்த நண்பர்களின் குடும்பங்களும் ஏமாற்றப்பட்டோம். விற்றவர் சென்னையில் இருந்த ஒரு முகவர். நைரோபியில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். அவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் ஏமாற்றிய முறையை முழுமையாகச் சொல்கிறேன், ஏனெனில் இதே முறையை வேறு பலரும் கையாளக்கூடும்.

பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் என்ற மான் இன விலங்குகளும் அவற்றோடு லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் மழையையும் புதிய புல்லையும் தேடி ஆண்டு முழுவதும் சுற்றிவருகின்றன. ஆண்டின் தொடக்கத்தில் அவை தான்சானியாவின் தெற்குச் செரெங்கெட்டி சமவெளியில் கன்று ஈனுகின்றன. மே மாதத்தில் அதே நாட்டின் மத்திய, மேற்குப் பகுதிகளில் இருக்கின்றன. ஏறத்தாழ ஜூலையில்தான் எல்லை தாண்டிக் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு வந்து, அக்டோபர் வரை தங்குகின்றன. முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றை மந்தைகள் பாய்ந்து கடக்கும் காட்சி, கென்யப் பக்கத்தில் அந்த மாதங்களுக்கு உரியது. நம் பள்ளி விடுமுறையோ ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. விடுமுறை நாள்களைத் தவிர வேறு நாள்களில் கிளம்ப முடியாத பெற்றோரிடம், அந்த மாதத்தில் அந்த நாட்டில் இல்லாத ஒன்றை விற்பதுதான் இவர்களின் தொழில்.

‘ஆற்றைக் கடப்பதைக் கட்டாயம் காட்டுவோம்’ என்று முகவர் வாட்ஸ்அப்பில் எழுத்திலேயே கொடுத்திருந்தார். ஜூலையில் சென்றாலும் அப்படி ஒருவரும் உறுதி கூற இயலாது. கரையில் பல மணி நேரம் நின்றுவிட்டு மந்தை திரும்பிப் போய்விடுவது வழக்கம். மாராவுக்குச் செல்லும் வழியில் நரோக் நகரைத் தாண்டும்போது எங்கள் ஓட்டுநர்தான் உண்மையைச் சொன்னார். மந்தைகள் இன்னும் தான்சானியாவில் இருக்கின்றன என்பதையும், தம்மிடம் கொடுக்கப்பட்ட பயணத் திட்டத்தில் ஆற்றுப் பக்கம் செல்வதே இல்லை என்பதையும் அவர் தயக்கத்தோடு தெரிவித்தார். அவர்மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

அடுத்தது நுழைவுக் கட்டணம். 2024 முதல் மசாய் மாராவில் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர் என்று நரோக் மாவட்ட நிர்வாகம் நிர்ணயித்துள்ளது. எங்களிடம் ‘இடப்பெயர்ச்சிப் பருவக் கட்டணம்’ என்று 200 டாலர் வீதம் வாங்கியிருந்தார்கள். காப்பகத்தின் செக்கெனானி வாயிலில் சீட்டை நானே கேட்டு வாங்கிப் பார்த்தபோது அதில் 100 என்றே இருந்தது. மேலும், அந்தச் சீட்டு காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும். எங்கள் தங்குமிடம் காப்பகத்துக்கு வெளியே இருந்தது. முதல் நாள் பிற்பகல் மூன்று மணிக்குமேல் உள்ளே நுழைய வைத்து, முழு நாள் கட்டணத்தில் மூன்று மணி நேரம்கூடத் தராமல் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் திட்டத்தில் ‘மாலை சஃபாரி’ என்று இருந்தால், எத்தனை மணிக்கு வாயிலுக்குள் செல்வோம் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

வாகனத்திலும் இதே கதைதான். நான்கு சக்கரங்களும் இயங்கும் லேண்ட் க்ரூசர் என்று சொல்லிவிட்டு, மேற்கூரை உயரும் சாதாரண வேனை அனுப்பினார்கள். மார்ச் முதல் மே வரை கென்யாவில் நீண்ட மழைக்காலம். மாராவின் பெரும்பகுதி கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கம் மழைநாளில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. வேன் சேற்றில் புதைந்து, வேறொரு வண்டி வந்து இழுக்கும்வரை ஒரு காலைப்பொழுது முழுவதும் போயிற்று. விலங்குகள் திரியும் இடமாதலால் குழந்தைகளைக் கீழே இறக்கவும் முடியவில்லை. பணத்தைவிட எனக்கு இதில்தான் கோபம் அதிகம்.

கென்யாவின் அம்போசெலி தேசியப் பூங்காவில் இரு நாள்களுக்கு என்று பணம் வாங்கியவர்கள் ஒரு நாளுக்கே கட்டணம் கட்டியிருந்தார்கள். மற்றொரு நாள், தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே உள்ள மேய்ச்சல் நிலத்தில் சுற்றிக் காட்டி, அதுவும் அம்போசெலிதான் என்றார்கள். மழைக்காலத்தில் யானைகள் வெளியேயும் பரவி நிற்பதால் புதியவர்களுக்கு ஐயம் எழாது. கென்ய வனவிலங்குச் சேவை நடத்தும் பூங்காக்களுக்குக் கட்டணம் அரசின் இணைய வழியில் செலுத்தப்படுவதால் ரசீது கட்டாயம் இருக்கும். அதை ஒவ்வொரு நாளும் கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் கென்யாவின் நக்குரு ஏரிக் கரை முழுவதும் பூநாரைகளால் இளஞ்சிவப்பாகத் தெரியும் படத்தையும் நம்ப வேண்டாம். ஏரியின் நீர்மட்டம் பல ஆண்டுகளாக உயர்ந்து, உப்புத்தன்மை குறைந்து, பறவைகள் பெருமளவு பொகோரியா போன்ற வேறு ஏரிகளுக்குச் சென்றுவிட்டன. அங்கே இன்று காணத்தக்கவை காண்டாமிருகங்கள். கருப்பு, வெள்ளை இரு வகைகளையும் பார்க்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும், மே மாதத்தில் கென்யாவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். மாராவில் சிங்கம், யானை, சிவிங்கிப்புலி, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் ஆண்டு முழுவதும் உண்டு. புல்வெளி பச்சையாக இருக்கிறது, வண்டிக் கூட்டம் இல்லை, கட்டணமும் பாதி. அம்போசெலியில் விடியற்காலையில் சில நிமிடங்கள் மேகம் விலகி, எல்லைக்கு அப்பால் தான்சானியாவில் 5,895 மீட்டர் உயரத்தில் நிற்கும் கிளிமஞ்சாரோ முழுதாகத் தெரிந்தது. அதன் அடிவாரச் சதுப்பில் யானைகள் வயிறளவு நீரில் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தாலே நாங்கள் மகிழ்ச்சியோடு பணம் கொடுத்திருப்போம்.

இன்னொன்றும் முக்கியம். கென்யாவிலிருந்து இந்தியா திரும்புவோரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படும். இல்லையென்றால் ஆறு நாள்கள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அது செல்லுபடியாகும். மின்னணுப் பயண அனுமதிக்குப் பணம் வாங்கிய முகவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எங்களோடு வந்த நண்பர் ஒருவர் மருத்துவர் என்பதால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குச் சென்று எல்லோரும் முன்கூட்டியே போட்டுக்கொண்டோம்.

பணம் கட்டும் முன், நைரோபி நிறுவனத்துக்குக் கென்யச் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் நடப்பு ஆண்டுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். வாகனத்தின் வகை, நுழையும் வாயில், ஒவ்வொரு நாளின் பூங்காக் கட்டணம் ஆகியவை தனித்தனி வரியாக எழுதப்பட்ட திட்டம் இல்லாமல் ‘எல்லாம் அடக்கம் சார்’ என்ற ஒற்றைத் தொகையை ஏற்காதீர்கள்.

திரும்பி வந்து கேட்டபோது, ‘இயற்கையை நாங்கள் கட்டுப்படுத்த முடியுமா சார்?’ என்பதே பதிலாகக் கிடைத்தது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தபின் பாதிக் கட்டணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள், இன்றுவரை தரவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், வாயில் சீட்டுகள், வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத் தாள் ஆகியவற்றோடு மனு அளித்திருக்கிறோம். இதே மாதங்களில் இதே போன்ற விளம்பரத்தை நம்பிச் சென்றவர்கள் தங்கள் வாயில் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள தொகைக்கும் நீங்கள் கட்டியதற்கும் வேறுபாடு இருந்தால் நீங்களும் மனு அளிக்கலாம்.