மாருதி 800-இல் டிஜிட்டல் மீட்டர்: திரை நன்று, சென்சாரைப் பொருத்துவதில்தான் பாடு

அப்பாவின் 1997-ஆம் ஆண்டு மாருதி 800-இல் ஸ்பீடோமீட்டர் கேபிள் மூன்றாவது முறையாக அறுந்தபோது, இனிப் புதுக் கேபிள் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். முள் எந்நேரமும் ஆடிக்கொண்டே இருந்தது ஒரு காரணம். 72 வயதாகும் அப்பாவுக்கு அந்தச் சிறிய எண்கள் மாலை நேரத்தில் தெரிவதில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். வேகத்தைப் பெரிய எண்ணில் காட்டும் டிஜிட்டல் மீட்டர் ஒன்றை இணையத்தில் 3,400 ரூபாய்க்கு வாங்கினேன். தயாரிப்பாளர் பெயர் எதுவும் அச்சிடப்படாத, பல விற்பனையாளர்கள் ஒரே படத்தைப் போட்டு விற்கும் பொருள் அது. ஆறு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முதல் மூன்று வாரங்கள் வேகம் சரியாகக் காட்டவே இல்லை. அந்த மூன்று வாரங்களில் நான் கண்டறிந்தவை இதே வகை மீட்டரை வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், அவற்றையே விரிவாகச் சொல்கிறேன்.

பெட்டியில் மீட்டர், மூன்று வயர்கள் கொண்ட ஒரு ஹால் சென்சார் (காந்தம் அருகில் வந்தால் உணரும் கருவி), நான்கு சிறிய காந்தங்கள், மெல்லிய தகட்டாலான ஒரு தாங்கி, இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்புத்தாள் ஆகியவை இருந்தன. சுழலும் பாகத்தில் காந்தங்களை ஒட்டி, அவற்றுக்கு எதிரே சென்சாரை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு காந்தமும் கடக்கும்போது சென்சாரின் சிக்னல் வயரில் இருக்கும் 5 வோல்ட் சட்டென்று சுழியத்துக்கு இறங்கி மீண்டும் ஏறும். ஒரு சுற்றுக்கு எத்தனை முறை இறங்குகிறது, ஒரு சுற்றில் டயர் எவ்வளவு தூரம் உருள்கிறது என்ற இரண்டு எண்களை அமைப்பில் கொடுத்துவிட்டால் மீட்டர் வேகத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். வேலை எளிமையானதுதான். ஆனால் குறிப்புத்தாளில் இருந்த ஒரே படம் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரப் படம் என்பதுதான் என் தொல்லைகள் அனைத்துக்கும் தொடக்கம்.

பொருத்தி முடித்து முதல் நாள் ஓட்டியபோது, கைப்பேசியின் ஜிபிஎஸ் 40 என்று காட்டிய இடத்தில் மீட்டர் 20 என்றது. அமைப்பில் உள்ள எண்களை நான்கு முறை சரிபார்த்தேன், தவறில்லை. சென்சார் பழுது என்று விற்பனையாளருக்கு எழுதினேன். அவர் வாதாடாமல் ஒரு வாரத்தில் வேறொரு சென்சாரை அனுப்பிவைத்தார். இதை அவருடைய நற்பண்பாகவே குறிப்பிட விரும்புகிறேன். புதிய சென்சாரைப் பொருத்தியும் 40-க்கு 20 என்றே காட்டியது. இரண்டு சென்சார்கள் ஒரே மாதிரி பழுதாக வாய்ப்பில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று மாலை முன்பக்க இடது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, சாவியை ஆன் செய்து, மல்டிமீட்டரின் சிவப்பு முனையைச் சிக்னல் வயரிலும் கருப்பு முனையை எர்த்திலும் வைத்துக்கொண்டேன். தம்பி சக்கரத்தை மெதுவாகக் கையால் சுற்றினான். 4.9 வோல்ட் என்று நின்ற எண் 0.1 ஆக இறங்கியது, ஏறியது, பிறகு ஏறத்தாழ அரைச் சுற்று ஒன்றுமே நடக்கவில்லை, மறுபடி இறங்கியது, ஏறியது, மறுபடி ஒன்றுமில்லை. ஒரு முழுச் சுற்றில் நான்கு முறை இறங்க வேண்டியது இரண்டு முறைதான் இறங்கியது. இந்த வகை ஹால் சென்சார் காந்தத்தின் ஒரு துருவத்தை மட்டுமே உணரும். நான் ஒட்டிய நான்கில் இரண்டு காந்தங்கள் தலைகீழாக இருந்தன. காந்தத்தில் எந்தப் பக்கம் வெளியே இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு புள்ளி மை வைத்துக் கொடுத்திருந்தால் எனக்கு ஒரு வாரம் மிஞ்சியிருக்கும். வாங்குபவர்கள் ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு காந்தத்தையும் சென்சாருக்கு அருகில் காட்டி, எந்தப் பக்கம் வோல்ட்டை இறக்குகிறதோ அந்தப் பக்கத்தில் மார்க்கரால் குறித்துக்கொள்வது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சென்சாரை மீட்டரிலிருந்து கழற்றித் தனியாக 5 வோல்ட் கொடுத்துச் சோதித்தால், நல்ல சென்சாரும் இறந்ததுபோலவே தெரியும். சிக்னல் வயரை 5 வோல்ட்டுக்கு உயர்த்தி வைக்கும் ரெசிஸ்டர் மீட்டருக்குள் இருக்கிறதே தவிர, சென்சாருக்குள் இல்லை. தனியாகச் சோதிக்க விரும்புபவர்கள் சப்ளை வயருக்கும் சிக்னல் வயருக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துக்கொண்டுதான் அளக்க வேண்டும். பழுது என்று திருப்பி அனுப்பப்படும் சென்சார்களில் பல இந்தக் காரணத்தால் அனுப்பப்படுபவையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

காந்தங்களைத் திருப்பி ஒட்டியபின் வேறொரு தொல்லை தெரியவந்தது. வண்டி வாசலில் நின்றபடி ஐடிலிங்கில் இருக்கும்போதே மீட்டர் 32 கிலோமீட்டர் வேகம் என்றது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் நின்ற இடத்திலேயே 60-ஐத் தாண்டியது. என் அறிவுக்கு எட்டாததால், கோவை கணபதியில் நாங்கள் வழக்கமாகப் போகும் ஆட்டோ எலெக்ட்ரீசியனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வயரிங் வேலை பார்ப்பவர். அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. பழைய ரசீதின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். மூன்று சிலிண்டர் எஞ்சின் ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றினால், சிலிண்டருக்கு இரண்டு சுற்றுக்கு ஒன்று வீதம் ஸ்பார்க் பிளக்குகளில் நிமிடத்துக்கு 1,350 தீப்பொறிகள். ஒவ்வொரு தீப்பொறியையும் ஒரு காந்தம் என்று மீட்டர் எண்ணினால், நான்கு காந்தத்துக்கு ஒரு சுற்று வீதம் 337 சுற்று. நான் கொடுத்திருந்த டயர் சுற்றளவு 1,595 மில்லிமீட்டர். பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 538 மீட்டர், அதாவது மணிக்கு 32 கிலோமீட்டர்.

"இது சென்சார் குடுக்கற கணக்கு இல்லீங்க தம்பி, பிளக்கு குடுக்கற கணக்கு. வயரை எந்த வழியா இழுத்தீங்க?" என்றார்.

பானெட்டைத் திறந்து காட்டினேன். சென்சாரின் சிக்னல் வயரை, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிளக்குக்குப் போகும் கேபிள்களோடு சேர்த்து, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஒரே கட்டாக டை போட்டு வைத்திருந்தேன். பல்லாயிரம் வோல்ட் பாயும் கேபிளை ஒட்டி 5 வோல்ட் சிக்னல் வயரை இழுத்தால், ஒவ்வொரு தீப்பொறிக்கும் அந்த வயரில் ஒரு சிறு துடிப்பு தூண்டப்படும். மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் அந்த வயரை நீக்கிவிட்டு, மைக் செட்டுக்குப் பயன்படும், மேலே உலோக வலை சுற்றிய ஷீல்டு வயரை எடுத்து, பிளக் கேபிள்களிலிருந்து நன்கு விலக்கி எதிர்ப்புறமாகக் கொண்டுவந்தார். ஷீல்டை மீட்டர் பக்கத்தில் மட்டும் எர்த் செய்தார். இரு முனைகளிலும் எர்த் செய்தால் ஷீல்டு வழியாகவே கரண்ட் ஓடித் தொல்லை கூடும் என்றார். நின்ற வண்டியின் வேகம் சுழியமானது.

ஆனால் ஹெட்லைட்டைப் போட்டதும் எண் மறுபடி தள்ளாடியது. இதற்குக் காரணம் எர்த். மீட்டரின் கருப்பு வயரை டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு திருகில் மாட்டியிருந்தேன்; அந்தத் திருகின் கீழே பெயின்ட் இருந்தது. ஹெட்லைட்டும் புளோயரும் ஓடும்போது மீட்டரின் எர்த்துக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே அளந்தால் 0.6 வோல்ட் காட்டியது. அந்த இடத்தை வெறும் இரும்பு தெரியச் சுரண்டி, பேட்டரி நெகட்டிவிலிருந்து தனி வயர் ஒன்றும் இழுத்தபின் அது 0.04 ஆகக் குறைந்தது. இந்த அளவீட்டுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. எந்த டிஜிட்டல் மீட்டரிலும் வேகம் தாறுமாறாகக் குதித்தால் சென்சாரைத் தொடுவதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது. அன்றைய முழு வேலைக்கும் அவர் 600 ரூபாய்தான் வாங்கினார்.

மூன்றாவது தொல்லை சாலையில்தான் தெரிந்தது. மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போதும், கிளட்சை விட்டு வேகமெடுக்கும்போதும் எண் ஒரு நொடி சுழியத்துக்கு விழுந்து திரும்பியது. படத்தில் இருந்ததைப்போலச் சென்சாரின் தாங்கியை வண்டியின் உடலோடு பொருத்தியிருந்தேன். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தில் அது சரியாக இருக்கலாம். காரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுன்ட்களின் மேல் அமர்ந்திருப்பதால், வேகமெடுக்கும்போதும் குலுங்கும்போதும் அவை உடலைவிட்டு நகர்கின்றன; காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடையே நான் விட்டிருந்த 5 மில்லிமீட்டர் இடைவெளி அந்த நகர்வில் இன்னும் கூடிப்போகிறது. கியர்பாக்ஸிலிருந்து, சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் வெளியே வரும் இணைப்பின் மேல் காந்தங்களையும், கியர்பாக்ஸின் போல்ட் ஒன்றிலேயே தாங்கியையும் மாற்றிப் பொருத்தினேன். இரண்டும் சேர்ந்தே அசைவதால் இடைவெளி மாறுவதில்லை. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடுகளை வைத்து அதை 2 மில்லிமீட்டராக நிறுத்தினேன். கூட வந்த தகடு விரலால் வளைக்கக்கூடிய அளவுக்கு மெல்லியது என்பதால், 3 மில்லிமீட்டர் இரும்புப் பட்டையில் புதிய தாங்கி செய்துகொண்டேன். காந்தங்களை எபாக்சியோடு மட்டும் விடாமல், மேலே ஒரு ஸ்டீல் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். சைலன்சர் குழாய்க்கு அருகில் காந்தத்தைப் பொருத்தக் கூடாது. சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும்.

அளவு சரிசெய்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 145/70 ஆர்12 டயரின் அளவை வைத்துக் கணக்கிட்டால் சுற்றளவு 1,595 மில்லிமீட்டர் வரும். ஆனால் வண்டியின் எடை அழுத்தும்போது டயர் சற்றுத் தட்டையாவதால் உண்மையில் உருளும் தூரம் குறைவு. டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, அப்பாவை உள்ளே உட்காரவைத்து, ஒரு சுற்று உருட்டி டேப்பால் அளந்ததில் 1,545 கிடைத்தது. நீலம்பூர் – மதுக்கரை பைபாஸில் ஜிபிஎஸ் 60 காட்டியபோது பழைய அமைப்பில் மீட்டர் 62 காட்டியதற்கும் இது சரியாகப் பொருந்தியது. இருந்தும் நான் 1,560 என்றே வைத்திருக்கிறேன். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39-ஆம் விதி. கூட்டிக் காட்டுவதற்குப் பத்து சதவீதமும் 4 கிலோமீட்டரும் வரை அந்த விதி இடம் தருகிறது.

இனி மீட்டரைப் பற்றி. திரை நண்பகல் வெயிலிலும் தெளிவாகத் தெரிகிறது. வேக எண் கட்டைவிரல் உயரத்துக்கு இருப்பதால் அப்பா கண்ணைச் சுருக்காமல் படிக்கிறார். நான் வாங்கியது இதற்காகத்தான் என்பதால், பட்ட பாட்டுக்கு இது ஈடு என்றே கருதுகிறேன். எரிபொருள் அளவு பழைய மிதவையோடு முழுமையாகப் பொருந்தவில்லை. கால் டேங்குக்குக் கீழே நம்ப முடியாது. இரவில் வெளிச்சத்தைக் குறைக்க வசதி இல்லாதது பெரிய குறை. கண்கூசுவதைத் தவிர்க்க அதன்மேல் கருப்பு ஃபிலிம் ஒட்ட வேண்டியிருந்தது. சென்சாரின் இணைப்பான் தண்ணீர் தாங்காது. அதை வெட்டிவிட்டு, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுவிட்டேன். அதன்பின் வடகிழக்குப் பருவமழை முழுவதும் ஒருநாளும் தடுமாறவில்லை.

இதை எல்லாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள், அல்லது பொறுமையுள்ள எலெக்ட்ரீசியன் ஒருவரை அறிந்தவர்கள் வாங்கலாம். என்னுடையதைப் போன்ற கார்புரேட்டர் வண்டியில் எஞ்சினுக்கு வேகத் தகவல் தேவையில்லை. கார்புரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ கார்கள் சிலவற்றில் பழைய மீட்டரின் உள்ளிருந்தே எஞ்சின் கம்ப்யூட்டருக்கு வேக சிக்னல் போகிறது. அங்கே மீட்டரைக் கழற்றினால் எஞ்சின் விளக்கு எரியும். ஏபிஎஸ் உள்ள புதிய கார்கள் பலவற்றில் வேகம் சக்கர சென்சார்களிலிருந்து ஏபிஎஸ் கம்ப்யூட்டர் வழியாகத் திரைக்கு வருவதால், அவற்றில் வேகம் தவறாகக் காட்டினால், ஸ்கேனர் மாட்டி, வேக சென்சார் பழுதைக் குறிக்கும் பி0500 போன்ற கோடு எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. அந்தக் கார்களுக்கு இந்த மீட்டர் ஏற்றதல்ல.

பழைய மீட்டரைத் தூக்கி எறியவில்லை. அது கடைசியாகக் காட்டிய 1,12,486 கிலோமீட்டரைப் படமெடுத்து, அந்தத் தேதியோடு ஆர்.சி. நகலின் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன். புதிய மீட்டர் சுழியத்திலிருந்து எண்ணத் தொடங்கி, இன்று 3,870-இல் நிற்கிறது.