எங்கள் கவுண்டி அப்ரைசல் ஆபீஸ்: வெப்சைட்டை நம்பாதீர்கள், நேரில் போங்கள்

டெக்சஸில், ஆஸ்டினிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி, இரண்டு ஏக்கர் நிலத்தோடு ஒரு வீட்டை 2023 ஆகஸ்டில் வாங்கினோம். ஊர் எல்லைக்கு வெளியே என்பதால் சிட்டி வரி கிடையாது. அதனால் வரி பெரிதாக இருக்காது என்று நினைத்திருந்தோம். 2024 ஏப்ரலில், எங்கள் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) வரிக்காக வீடுகளுக்கு மதிப்புப் போடும் அப்ரைசல் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. வீட்டின் மதிப்பு 3 லட்சத்து 41 ஆயிரம் டாலர். அன்று ராத்திரி நானும் மனைவியும் சரியாகத் தூங்கவில்லை.

கிராமப்புறத்தில் புதிதாக வீடு வாங்கும் நம் ஆட்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆபீஸின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

முதலில் அவர்களுடைய வெப்சைட். என் அனுபவத்தில் அது சுத்த மோசம். மேப் திறக்கவே ஐந்து நிமிஷம் ஆகும், போனில் திறக்கவே திறக்காது. நோட்டீஸில் உள்ள எண்ணைப் போட்டு ஆன்லைனில் புரொட்டெஸ்ட் செய்யலாம், அதாவது மதிப்பை எதிர்த்து முறையிடலாம் என்று அச்சடித்திருந்தார்கள். மூன்று நாள் முயன்றும் அந்த எண்ணை அது ஏற்கவில்லை. மே 15 கடைசித் தேதி. சரி, நேரில் போய்விடுவோம் என்று அரை நாள் லீவு போட்டேன்.

ஆபீஸ் கவுண்டரில் நடந்தது வேறு கதை. அங்கிருந்த அம்மாள் முதலில் கேட்ட கேள்வியே, "இது பில் இல்லை என்று உங்களுக்குத் தெரியுமா?" என்பதுதான். எனக்குத் தெரியாது. ஒரு வெள்ளைத் தாளில் மூன்று கட்டம் போட்டுக் காட்டினார். அப்ரைசல் ஆபீஸ் மதிப்பை மட்டும் போடும். வரி விகிதத்தை முடிவு செய்வது பள்ளி டிஸ்ட்ரிக்ட், கவுண்டி, தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்குமான டிஸ்ட்ரிக்ட் ஆகியவை, தனித்தனியாக. பணத்தை வசூலிப்பது டாக்ஸ் ஆபீஸ். பில் அக்டோபர் வாக்கில் வரும், ஜனவரி 31-க்குள் கட்டிவிட வேண்டும். தாண்டினால் பிப்ரவரியிலேயே அபராதமும் வட்டியுமாக 7 சதவீதம் ஏறும். டெக்சஸில் மாநில அரசு வீட்டு வரி வாங்குவதே இல்லை, அரசியல் சாசனத்திலேயே அதற்குத் தடை இருக்கிறது. போகிற பணம் முழுக்க உள்ளூருக்குத்தான். எங்கள் பில்லில் பாதிக்கு மேல் பள்ளிக்கு.

"வரி கட்ட முடியாது என்று இங்கே சொல்லிப் பயனில்லை, மதிப்பு தப்பு என்று காட்டுங்கள்" என்றார். கூடவே எங்கள் வீட்டு ரெக்கார்டு கார்டை, அதாவது வீட்டைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் பதிவை, அச்செடுத்துக் கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை.

அந்தக் கார்டில்தான் விஷயம் இருந்தது. வீட்டின் படம் ஒரே செவ்வகமாகக் கோடு போட்டிருந்தது. வசிக்கும் பரப்பு 1,880 சதுர அடி. நாங்கள் வாங்கும்போது அளந்த கணக்கு 1,640. மிச்சம் 240 எங்கிருந்து வந்தது? காரிலேயே உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் பின்பக்கத் திண்ணை 12 அடிக்கு 20 அடி. கொசுவலை அடித்து, மேலே தகரம் போட்ட திண்ணை. மழை பெய்தால் பாதி நனையும். அதை ஏசி போட்ட அறை மாதிரி வீட்டோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். யார், எப்போது அளந்தார்களோ, முந்தைய சொந்தக்காரரும் கேட்கவில்லை போல.

அந்த வாரமே புரொட்டெஸ்ட் படிவத்தை நேரில் கொடுத்தேன். திண்ணையில் டேப்பை விரித்து வைத்து, எண் தெரியும்படி மனைவி எட்டு போட்டோ எடுத்தாள். ஜூனில் ஒரு அப்ரைசரோடு இருபது நிமிஷம் பேச்சு. புரொட்டெஸ்டை விசாரிக்கும் குழு முன்னால் போகத் தேவைப்படவில்லை. போட்டோவைப் பார்த்தார், படத்தைத் திருத்தினார், மதிப்பு 3 லட்சத்து 17 ஆயிரம் ஆனது. எங்கள் மொத்த விகிதத்தில் வருஷத்துக்கு 430 டாலர் போல மிச்சம்.

ஹோம்ஸ்டெட் விலக்கையும், அதாவது நாமே குடியிருக்கும் வீட்டுக்கான வரி விலக்கையும், அங்கேயேதான் சரிசெய்தோம். ஜனவரியில் தபாலில் அனுப்பிய படிவம் திரும்பி வந்திருந்தது. டிரைவிங் லைசென்ஸில் பழைய அபார்ட்மென்ட் முகவரி, அதுதான் காரணம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வீடு மாறியதும் முதலில் லைசென்ஸில் முகவரியை மாற்றுங்கள். அந்த விலக்கு பள்ளி வரிக்கான மதிப்பில் அப்போது ஒரு லட்சம் டாலரைக் கழித்தது, 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு 1 லட்சத்து 40 ஆயிரம். விலக்கு கிடைத்த மறு வருஷத்திலிருந்து, வரிக்கு எடுத்துக்கொள்ளும் மதிப்பை வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றவும் முடியாது. படிவத்துக்குக் கட்டணமே கிடையாது. "நாங்கள் பதிவு செய்து தருகிறோம்" என்று பணம் கேட்டுக் கடிதம் வந்தால் குப்பையில் போடுங்கள்.

பெரிய நிலம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. விற்பவர் மாடு மேய்த்து, சந்தை விலைக்குப் பதில் விவசாய மதிப்பில் சொற்ப வரி கட்டியிருப்பார். அது உங்கள் பெயருக்குத் தானாக வராது, ஏப்ரல் 30-க்குள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மேய்ச்சலை நிறுத்தி வேறு எதற்காவது நிலத்தை மாற்றினால், முந்தைய மூன்று வருஷத்து வரி வித்தியாசத்தையும் கேட்பார்கள். எங்கள் சாலையில் ஒருவர் ஆறு ஏக்கரில் தேனீப் பெட்டி வைத்து அந்த மதிப்பைக் காப்பாற்றி வருகிறார். 5 முதல் 20 ஏக்கர் வரை தேனீயும் விவசாயக் கணக்குத்தான்.

குறைகள்: மதியம் 12 முதல் 1 வரை கதவைப் பூட்டிவிடுவார்கள். தொலைபேசியை எடுப்பதில்லை. இருவர்தான் வேலை செய்கிறார்கள், ஏப்ரல் கடைசியில் வரிசை வாசல் வரை நிற்கும். காலை எட்டுக்கே போய்விடுங்கள்.

ஆனாலும் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். நான்காவது நட்சத்திரத்துக்குக் காரணம் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா. கணவர் போய்த் தனியாக இருக்கிறார், வயது 71. 65 தாண்டியவர்களுக்கு என்று ஒரு விலக்கு இருப்பதும், அது கிடைத்தால் பள்ளி வரித் தொகை அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிடும் என்பதும் அவருக்குத் தெரியவே தெரியாது. போன வருஷம் என் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அதே கவுண்டர், அதே அம்மாள். லைசென்ஸைப் பார்த்துவிட்டு, "விட்டுப்போன வருஷங்களுக்கும் சேர்த்தே போடுவோம், இரண்டு வருஷம் பின்னால் போகலாம்" என்று அவரே படிவத்தை நிரப்பத் தொடங்கினார். இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா வேலி ஓரமாக என்னைக் கூப்பிட்டார். கையில் டாக்ஸ் ஆபீஸ் காசோலை. எத்தனை டாலர் என்று நான் கேட்கவில்லை. உறையைப் பிரிக்காமலே அரை மணி நேரம் வைத்திருந்தேன் என்றார்.